மைக்கைப் பிடித்தும் பேச்சு வராதவனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

காலேஜில் உன் சிநேகிதனுக்காக நடந்த இரங்கல் கூட்டத்தில் மைக்கைக் கையில் கொடுத்தும் உனக்குப் பேச்சு எழவில்லையாம். அன்றிலிருந்து ‘நானெல்லாம் என்ன சிநேகிதன்’ என்று குமைந்துகொண்டிருக்கிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டுவிட்டு நகர மனம் வரவில்லை. அதனால் தபாலில் எழுதுகிறேன்.

இங்கிலீஷ் கவிஞர் டென்னிசன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பாய். கேம்பிரிட்ஜில் படிக்கும்போது அவருக்கு ஆர்தர் ஹாலம் என்றொரு சிநேகிதன் வாய்த்தான். டென்னிசனின் கவிதைகளை ஆரம்பத்திலேயே பத்திரிகையில் பாராட்டி எழுதியவன். அவர் தங்கை எமிலிக்கு நிச்சயமானவன். 1833இல் தகப்பனாரோடு ஊர் சுற்றப் போனவன் செப்டம்பரில் வியன்னாவில் இருந்தான். 15ஆம் தேதி அப்பா வெளியே போய்விட்டு அறைக்குத் திரும்பினார். மகன் சோபாவில் கண் அசந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தார். மூளையில் ரத்தக் கசிவு. வயது 22. தந்தி வராத காலம் அது. டென்னிசன் வீட்டுக்குக் கடிதம் வந்து சேர அக்டோபர் ஆயிற்று. உடல் கப்பலில் வந்து, அடக்கம் நடந்தது மறு வருஷம் ஜனவரியில்.

பிறகு நடந்ததுதான் உனக்கான சேதி. மகன் எழுதியவற்றைத் தொகுத்து அச்சிட நினைத்த அப்பா, அவனைப் பற்றி ஒரு குறிப்பு எழுதித் தரும்படி டென்னிசனிடம் கேட்டார். டென்னிசன் உட்கார்ந்து பார்த்தார். வரவில்லை. அவனுக்கு ஈடாக எழுத முடியவில்லை என்று பதில் போட்டுவிட்டார். 1834இல் அந்தப் புத்தகம் அவர் குறிப்பு இல்லாமலேயே வந்தது. அவ்வளவு பெரிய கவிஞருக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது, மாப்பிள்ளை. அப்புறம் துண்டு துண்டாக, தோன்றியபோதெல்லாம் எழுதியவை 131 பகுதிகளாகச் சேர்ந்து ‘இன் மெமோரியம்’ என்று வெளியானது 1850இல். அதிலும் முதலில் தன் பெயரைப் போடவில்லை. உன் சிநேகிதனுக்கு இன்னும் பதினாறாம் நாள்கூட ஆகவில்லை.

நீ கவிதை எழுத வேண்டியதில்லை. ஒரு நோட்டு வாங்கு. ‘பாசமானவன், எல்லோருக்கும் உதவுவான்’ என்பதெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இருக்கிறது, அதை விட்டுவிடு. நம் வீட்டுக்கு வந்த அன்று மிக்சர் தட்டில் நிலக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, அத்தை எட்டிப் பார்த்ததும் தட்டை நைசாக உன் பக்கம் தள்ளினானே, அந்த மாதிரி விஷயங்களை எழுது. வாங்கிய கடனை மறந்தது, பந்தயத்தில் தோற்றால் அரை நாள் பேசாமல் இருந்தது, அதையும் எழுது. செத்துப்போனவனைத் தெய்வமாக்கினால் அவன் உன் சிநேகிதனாக இருக்க மாட்டான். சீக்கிரம் எழுது என்பதற்குக் காரணம் உண்டு: பெரிய விஷயங்கள் நிற்கும், கடலைதான் முதலில் மறந்துபோகும்.

பதினாறு முடிந்து சொந்தக்காரர்கள் ஊர் திரும்பியதும் அவன் வீட்டுக்குப் போ. போய் என்ன பேசுவது என்று தயங்காதே. மிக்சர் கதையைச் சொல். அவன் அம்மாவுக்கு வீட்டில் இருந்த மகனைத்தான் தெரியும், காலேஜில் இருந்தவனைத் தெரியாது. அவனைக் கொண்டுபோய்க் கொடுக்க உங்களை விட்டால் ஆள் கிடையாது.

வாழ்க்கை நீர்க்குமிழி என்று துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள். பொய்யில்லை. ஆனால் இருபது வயதில் அதைக் கேட்பவன், இனி எதற்குப் படிக்க வேண்டும் என்று சுருண்டு படுத்துவிடுவான்; இல்லாவிட்டால் இருக்கும்வரை அனுபவிப்போம் என்று வண்டியை முறுக்குவான். டென்னிசனோ, ஹாலமின் சாவுச் செய்தி வந்த அதே அக்டோபரில் ‘யுலிசீஸ்’ எழுதினார். ஊர் வந்து சேர்ந்த கிழட்டு ராஜா ஒருவன் மறுபடி கடலுக்குக் கிளம்புகிற கவிதை. இழப்புக்குப் பிறகும் நடையைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்ற தன் மனநிலையே அது என்று பின்னால் சொன்னார். எனக்கு அவருடையதில் பிடித்ததும் அதுதான். ‘இன் மெமோரியம்’ முழுக்கப் படிக்கப் பொறுமை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. உன் சிநேகிதன் ஷட்டில் கோர்ட்டில் விழுந்தபோது சுற்றி நின்ற யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றாய். அது உங்கள் குற்றமில்லை, எனக்கும் தெரியாது. இதயம் நின்று விழுந்தவருக்கு 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை நடுநெஞ்சில் இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டராவது அமுங்கும்படி அழுத்த வேண்டுமாம். செய்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கணக்குப் போட்டு ராத்திரியைக் கெடுத்துக்கொள்ளாதே. அப்படி அழுத்தியும் பிழைக்காதவர்கள் நிறையப் பேர். ஆனால் கற்றுக்கொள். செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ்காரர்கள் முதலுதவி வகுப்பு எடுக்கிறார்கள். உங்கள் ஊரில் எப்போது என்று விசாரித்து எழுது, நானும் வந்து சேர்ந்துகொள்கிறேன். என் மூட்டுவலிக்கு மண்டி போடுவதுதான் கொஞ்சம் சிரமம்.

அன்புடன்,
மாமா