டெல்லி வீட்டு ஈரத்துக்கு மெஷின் வாங்கலாமா?

கேள்வி: டெல்லி ஜனக்புரியில் டெல்லி வளர்ச்சி ஆணையம் (டி.டி.ஏ.) கட்டிய ஒரு பிளாட்டின் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். ஜூலை பிறந்தால் பின்பக்க அறையில் படுக்க முடிவதில்லை. பீரோவைத் திறந்தால் பூசண வாடை. பட்டுப்புடவை மடிப்புகளில் வெள்ளைப் புள்ளி. மகனின் மிருதங்கம் சுருதி இறங்கிப் போகிறது. பொரித்த அப்பளம், சாப்பிட உட்காருவதற்குள் நமுத்துவிடுகிறது. சுவரின் அடிப்பக்கம் பெயிண்ட் உரிகிறது. வீட்டுக்காரரைக் கேட்டால் "சீலன்தான் (ஈரக்கசிவு), எல்லா வீட்டிலும் உண்டு" என்கிறார். காற்றின் ஈரத்தை எடுக்கும் டீஹியூமிடிஃபையர் மெஷினை வாங்கச் சொல்கிறாள் என் தங்கை. சிறியது நாலாயிரம், ஐயாயிரம்; பெரியது இருபதாயிரத்தைத் தாண்டும் என்கிறார்கள். வாங்கலாமா? எதை வாங்குவது? கரண்ட் பில் எகிறுமா?
– ஒரு வாசகி, புது டெல்லி

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்திருக்கின்றன. பீரோ வாடை, புடவைப் புள்ளி, மிருதங்கம், அப்பளம் எல்லாம் காற்றில் இருக்கும் ஈரத்தின் வேலை. சுவரடியில் பெயிண்ட் உரிவது சுவருக்குள் ஏறும் ஈரம். முதலாவதற்கு மெஷின் நன்றாக உதவும். இரண்டாவதைத் தீர்க்காது, சில சமயம் கூட்டிவிடும். ஆகவே பணம் கொடுக்கும் முன் எந்த ஈரம் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்.

அதற்குச் சமையலறை அலுமினியம் ஃபாயில் போதும். ஒரு முழத்துக்கு ஒரு முழம் வெட்டி, பெயிண்ட் உரியாத இடமாகப் பார்த்துச் சுவரில் வைத்து, நாலு ஓரத்தையும் இடைவெளியில்லாமல் டேப் ஒட்டி மூடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். ஃபாயிலின் அறைப் பக்கம் ஈரம் படிந்திருந்தால் அது காற்றிலிருந்து வந்தது. பிரித்துப் பார்க்கும்போது சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வந்தது. தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குள் கறை அலையலையாக நின்று, மேலே வெள்ளை உப்பும் பூத்திருந்தால் அது நிலத்து ஈரம். செங்கல் நீரை உறிஞ்சி மேலேற்றும். அதைத் தடுக்க அஸ்திவாரத்துக்கு மேல் போடும் டி.பி.சி. அடுக்கு பழைய கட்டடங்களில் கெட்டுப் போயிருக்கும். குளியலறையை ஒட்டிய சுவர் மட்டும் ஊறியிருந்தால், கொத்தனாருக்கு முன் பிளம்பரைக் கூப்பிட வேண்டும்.

இப்படிப்பட்ட சுவருக்கு முன்னால் மெஷினை ஓட்டினால், சுவரின் முகம் காயக் காய, கீழேயிருந்து நீர் ஏறிக்கொண்டே இருக்கும். நீரோடு வந்த உப்பு பூச்சுக்குள் படிகமாகி அதை வெளியே தள்ளும். சுவர் இன்னும் வேகமாகப் பொரியும். மேலே புட்டி வைத்துப் பெயிண்ட் அடிப்பதும் அடுத்த மழை வரைக்கும்தான். ஃபாயிலைப் பிரித்ததும் ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்காரரிடம் காட்டுங்கள்.

இனி காற்றின் ஈரம். டெல்லியில் மே மாத மதியங்களில் ஈரப்பதம் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் காலைகளில் 80-ஐத் தாண்டும். பருவமழை வழக்கமாக ஜூன் 27 வாக்கில் வந்து செப்டம்பர் 25 வாக்கில் விலகும்.  ஆகவே உங்களுக்கு மெஷின் தேவைப்படுவது வருஷத்தில் மூன்று மாதம். சென்னையிலோ கொச்சியிலோ இருப்பவர் போடும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

முதலில் சில நூறு ரூபாய்க்கு, ஈரப்பதம் காட்டும் ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்குங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு நீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால், இனி அது சொல்வதோடு ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்த்துப் போவதும் இதனால்தான்: ஈரப்பதம் 75-ஐத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொள்ளும். அந்த நிலை நாள்கணக்கில் நீடித்தால் துணியிலும் தோலிலும் பூசணம் பிடிக்கும். அறையை 50-க்கும் 60-க்கும் நடுவில் வைத்தால் போதும். அதற்கும் கீழே இறக்குவது மிருதங்கத்தின் தோலுக்கும் நல்லதில்லை, கரண்ட் பில்லுக்கும் நல்லதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர் காற்று. 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் காற்றில் மொத்தமே 800 கிராம் சொச்சம் நீர்தான் இருக்கிறது. 55 சதவீதத்துக்குக் கொண்டுவரக் கால் லிட்டர் எடுத்தால் போதும். ஆனால் மெஷின் ஓட்டுகிறவர்கள் தினம் லிட்டர் கணக்கில் கொட்டுகிறார்களே? அது மெத்தையும் துணியும் புத்தகமும் சுவரும் குடித்து வைத்திருந்த நீர். கொடியில் உலரும் துணியின் நீர். ஒவ்வொருவரும் மூச்சிலும் வியர்வையிலும் நாளுக்கு ஒரு லிட்டர் அளவுக்கு விடும் நீர். ஜன்னல் இடுக்கில் நுழையும் வெளிக்காற்றின் நீர். முதல் வாரம் நிறையச் சேரும், பிறகு குறைய வேண்டும். குறையவில்லையென்றால் ஜன்னல் சரியாக மூடவில்லை, அல்லது சுவர் ஊறிக்கொண்டிருக்கிறது. திறந்த ஜன்னலோடு ஓட்டுவது வீண். ஏர் கூலர் ஓடும் வீட்டில் ஓட்டுவது அதைவிட வீண்; கூலர் நீரை ஆவியாக்கித்தான் குளிர்ச்சி தருகிறது.

எதை வாங்குவது? நாலாயிரம், ஐயாயிரத்துக்குக் கிடைப்பதில் பெரும்பாலும் கம்ப்ரசர் இருக்காது. மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் சில்லு இருக்கும். நாள் முழுக்க ஓடினாலும் அரை லிட்டர் அளவுதான் எடுக்கும். பீரோவுக்குள் வைக்கலாம், அறைக்குப் போதாது. ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து ஓடும் டெசிக்கன்ட் வகை, அறை பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும் குளிர் ஊர்களுக்கு. டெல்லி மழைக்காலப் புழுக்கத்துக்குக் கம்ப்ரசர் வகைதான் சரி. ஏ.சி. போலவே குளிர்ந்த காயிலில் காற்றை உரசவிட்டு நீரைப் பிழியும். ஏ.சி.யே ஈரத்தை அடக்கப் பிறந்ததுதான்: 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், ஈரத்தால் காகிதம் விரிந்து வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழாததால், வில்லிஸ் கேரியர் அதை வடிவமைத்தார்.

அட்டைப் பெட்டியில் "20 லிட்டர்" என்று போட்டிருப்பது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீதத்தில் அளந்தது. 27 டிகிரி, 60 சதவீதத்தில் எவ்வளவு என்று கேளுங்கள். ஏறத்தாழ பாதிதான் வரும். உங்கள் அறைக்குப் பெட்டிக் கணக்கில் 12 முதல் 20 லிட்டர் போதும். வேண்டிய ஈரப்பதத்தை வைத்தால் தானே நின்று ஓடும் வசதி, ஓஸ் மாட்டும் துளை, டேங்க் நிரம்பினால் நிற்கும் வசதி, டெல்லியில் சர்வீஸ் – இந்த நான்கும் இருக்க வேண்டும்.

ஒன்றைக் கடையில் சொல்லமாட்டார்கள்: இது அறையைச் சூடாக்கும். தான் இழுக்கும் மின்சாரமும், ஆவி நீராகும்போது வெளிவிடும் வெப்பமும் அறைக்குள்ளேயே தங்கும். ஆகையால் ஆள் இல்லாத பகல் நேரத்தில் ஓட்டுங்கள். அந்த அறையில் ஏ.சி. இருந்தால் மெஷினை மறந்துவிட்டு முதலில் டிரை மோடில் போட்டுப் பாருங்கள். ஒன்றரை டன் ஏ.சி. ஆகஸ்ட் மாதத்தில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே எடுக்கும், வெப்பத்தையும் வெளியே தள்ளிவிடும்.

கரண்ட் பில்: 300 வாட் மெஷின் தினம் எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 72 யூனிட். 2019-இல் டெல்லி அரசு கொண்டுவந்த 200 யூனிட் இலவசச் சலுகையில் இருப்பவர் என்றால், இந்த 72 உங்களை வரம்புக்கு வெளியே தள்ளுமா என்று பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். பலருக்கு உண்மையான செலவு அங்கேதான்.

வாங்கியபின் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வந்ததும் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்து ஓட்டுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்கள். டேங்கில் நீரைத் தேங்கவிடாதீர்கள். டெங்குக் கொசுவுக்குத் தேங்கிய நீர் ஒரு வாரம் கிடைத்தால் போதும். கூலரைச் சோதிக்க வரும் மாநகராட்சி ஊழியர் உங்கள் டேங்கைத் திறந்து பார்க்கமாட்டார், நீங்கள்தான் பார்க்க வேண்டும். அந்த நீரைக் குடிக்கக் கூடாது, இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் ஊற்றக் கூடாது. காயிலின் தூசியும் உலோகமும் அதில் இருக்கும். தரை துடைக்கலாம், பூச்செடிக்கு ஊற்றலாம்.

பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் போடுங்கள். மெஷின் ஓடும்போது அதன் கதவைத் திறந்து வையுங்கள். புடவைகளை நன்றாகக் காய்ந்தபின் மடித்து, மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

என் முடிவு இது: இந்த வாரமே மீட்டரும் ஃபாயிலும். சுவர் நனைந்திருந்தால் வீட்டுக்காரர் சுவரைச் சரிசெய்யும் வரை மெஷின் வாங்க வேண்டாம். சுவர் காய்ந்திருந்து, ஜன்னலை மூடி ஏ.சி.யை டிரை மோடில் போட்டும், அல்லது ஏ.சி.யே இல்லாமலும், மீட்டர் 65-க்குக் கீழே இறங்கவில்லையென்றால் கம்ப்ரசர் வகையைத் தயங்காமல் வாங்குங்கள். வாடகை வீட்டில் சுவருக்கு ஆகும் செலவு வீட்டுக்காரருடையது. மெஷின் உங்களுடையது; வீடு மாறினாலும் கூடவே வரும்.