நைட் ஷிப்ட் முடிந்த கையோடு மலையேறாதே

செங்கல்பட்டு

அன்புள்ள செல்விக்கு,

மாமா எழுதுவது. ஹாஸ்டல் பிள்ளைகளோடு திருக்கழுக்குன்றம் மலையேறப் போகிறாயாம், அம்மா போனில் சொன்னாள். கேட்டதும் மனசு நிறைந்தது. வீக் ஆஃப் முழுக்கத் தூக்கத்திலும் துணி துவைப்பதிலுமே போகிறதே என்று எனக்குள் ஒரு வருத்தம் இருந்தது. அவசியம் போய் வா.

ஆனால் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்படியே கிளம்புகிற யோசனையை விட்டுவிடு. ராத்திரி முழுக்க நின்ற கால் ஏறும்போது ஒன்றும் சொல்லாது, இறங்கும்போதுதான் முட்டி நடுங்கும். ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்து, விடியற்காலையில் ஒரகடத்தில் பஸ் ஏறு. சிங்கப்பெருமாள்கோவில், செங்கல்பட்டு, அங்கிருந்து திருக்கழுக்குன்றம். மலை சுமார் 500 அடி உயரம், 500க்கும் மேற்பட்ட படிகள். வெறுங்காலோடு ஏற வேண்டும், வெயில் ஏறிவிட்டால் கல் பாதத்தைப் பொசுக்கிவிடும். மதியம் நடையும் சாத்திவிடுவார்கள். குரங்குகள் உண்டு, தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதே.

முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். கம்பெனி லைனில் பெல்ட் ஓடுகிற வேகத்துக்கு உன் கை ஓட வேண்டும். தண்ணீர் குடிக்கப் போவதற்கும் ஒருத்தரைக் கேட்க வேண்டும். மலையில் உன்னை விரட்ட ஆள் கிடையாது. அங்கேயும் போய் யார் முதலில் உச்சியைத் தொடுவது என்று ஓடாதீர்கள். பேசிக்கொண்டே ஏற முடிந்தால் அதுதான் சரியான வேகம். பேச்சு திக்கினால் படியோரம் உட்கார். கூட்டத்தில் மெதுவாக நடக்கிறவளை முன்னால் விட்டு, மற்றவர்கள் அவள் பின்னால் போங்கள்.

உட்காரும்போது கீழே பார். ஊர் நடுவே பக்தவத்சலேசுவரர் கோயில் கோபுரங்கள், பக்கத்தில் 12 ஆண்டுக்கு ஒருமுறை சங்கு பிறப்பதாக நம்பப்படும் சங்கு தீர்த்தம், அதைத் தாண்டி வயலும் ஏரியுமாக நிலம் விரிந்து கிடக்கும். ஒரகடத்தில் உன் கண்ணில் படுவதெல்லாம் காம்பவுண்டுச் சுவரும் கன்டெய்னர் லாரியும்தானே. நீ வேலை பார்க்கும் சீமை ஏரிகளால் பிழைத்த சீமை என்பது இப்படி உயரத்தில் நின்றால்தான் கண்ணுக்குத் தெரியும்.

உச்சியில் வேதகிரீசுவரர். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். ஒரு காலத்தில் நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டுப் போகும். அவை மஞ்சள்முகப் பாறு இனம். 1990களின் கடைசியில் வரவு நின்றுபோனது. அந்தக் காலகட்டத்தில்தான் நாடு முழுக்கப் பாறுகள் செத்து விழுந்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்துதான் பெரிய காரணம் என்று பிறகு தெரிந்து, 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அந்த உச்சியில் நிற்கும்போதெல்லாம் வெறும் வானத்தைப் பார்க்க எனக்கு மனசு பொறுப்பதில்லை.

இறங்குவதற்குத் தனி வழி உண்டு, அதில் இறங்கு. ஒரே பாறையைக் குடைந்து பல்லவர் காலத்தில் செய்த ஒருகல் மண்டபம் அந்த வழியில்தான் இருக்கிறது. அதன் சுவரில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயரைச் செதுக்கிவைத்திருக்கிறார்கள். சதுரங்கப்பட்டினத்தில் அவர்கள் வியாபாரம் செய்த காலம் அது. அதைப் பார்த்து உங்களில் யாரும் பெயர் கீறச் சாவியை எடுத்துவிடாதீர்கள், ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட சுவர்.

படியின் நடுப்பகுதி பல பேர் கால் பட்டுத் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். ஓரமாக, பாதத்தைச் சற்றே சாய்த்துவைத்து இறங்கு. போனைப் பையில் போட்டுவிடு. முதல் நாள் மழை பெய்திருந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடு.

இறங்கி நேரே நம் வீட்டுக்கு எல்லாரும் சாப்பிட வாருங்கள். எத்தனை பேர் என்று முதல் நாளே அத்தைக்குச் சொல்லிவிடு.

அன்புடன்,
மாமா