சுவருக்குள் யார் தட்டுவது?

(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் பிரிவு)

இரண்டாம் ஆண்டு ஹைட்ராலிக்ஸ் தேர்வில் 'வாட்டர் ஹேமர் என்றால் என்ன?' என்று ஒரு கேள்வி வந்தது. புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அதே வாட்டர் ஹேமர் தினமும் விடியற்காலையில் எங்கள் வீட்டுச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லை!

நாங்கள் குடியிருப்பது வாடகை வீடு. காலை ஐந்து மணிக்கு அம்மா மோட்டார் போடுவார். டேங்க் நிறைந்து சுவிட்சை அணைத்ததும் பாத்ரூம் சுவருக்குள் 'டம்' என்று ஒரு அடி விழும். வீட்டுக்காரர் கொத்தனாரை அழைத்து வந்தார். "உள்ளார பைப்பு ஆடுது தம்பி, டைல்ஸ ஒடைச்சாத்தான் தெரியும்" என்றார் கொத்தனார். "நீங்க குடிவந்தப்புறம்தான் இந்தச் சத்தம். செலவை அட்வான்ஸ்ல கழிச்சுக்குவேன்" என்றார் வீட்டுக்காரர். அப்பா என்னைப் பார்த்து, "நீ படிக்கிற படிப்பு இதுக்கு ஆவுமாடா?" என்று கேட்டார். இரண்டு நாள் தவணை வாங்கினேன். அந்த இரண்டு நாளில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி: எப்போது?

சத்தம் எங்கே கேட்கிறது என்று தேடுவதற்கு முன், எப்போது கேட்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

1. குழாயைப் பாதி திறந்தால் மட்டும் 'கொர்ர்' என்கிறதா? குழாய்க்குள் வாஷர் தளர்ந்து அதிர்கிறது. வாஷரை மாற்றினால் போதும்.

2. சம்ப்பிலோ டேங்கிலோ தண்ணீர் விழும்போது 'டக் டக்' என்கிறதா? அலையில் மிதவை ஏறி இறங்கி, பால் வால்வு மாறி மாறி மூடித் திறக்கிறது. மிதவையில் அலை படாமல் தண்ணீர் விழும் இடத்தை மாற்ற வேண்டும்.

3. 'களக் களக்' என்று விட்டுவிட்டுத் தண்ணீர் வருகிறதா? லைனில் காற்று அடைத்திருக்கிறது. டேங்கிலிருந்து இறங்கும் குழாயில் ஏர் பைப் இருக்கிறதா, அது டேங்கின் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கிறதா என்று பாருங்கள்.

4. சுடுதண்ணீர் திறந்த பின் 'டிக் டிக்' என்கிறதா? குழாய் சூட்டில் நீள்கிறது. 3 மீட்டர் சி.பி.வி.சி. குழாய் 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும், ஜி.ஐ. குழாய் 1 மில்லிமீட்டர்தான். சிமெண்டில் இறுக்கிப் பூசிவிட்டால் அது நீள இடமில்லாமல் உரசும். காதுக்குத் தொல்லை, மற்றபடி பெரும்பாலும் ஆபத்தில்லை.

5. மோட்டாரை நிறுத்தியதும் ஒரே அடியாக 'டம்' என்கிறதா? இதுதான் எங்கள் கதை.

இரண்டாம் கேள்வி: எங்கே?

காதை நம்பினால் ஏமாந்து போவோம். இரும்புக் குழாய் சத்தத்தைத் தூரத்துக்குக் கடத்தும். சுவர் அதைப் பெரிதாக்கும். மெக்கானிக்குகள் செய்வது போல நீண்ட ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்துக்கொண்டேன். முனையைக் குழாயில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்க வேண்டும். (மோட்டாரில் சுழலும் பாகங்களின் பக்கம் போகக் கூடாது!) அம்மா சுவிட்சை அணைக்க அணைக்க, வெளியே தெரியும் ஒவ்வொரு இடத்திலும் வைத்துக் கேட்டுச் சாக்பீஸால் குறித்தேன். பாத்ரூம் குழாயில் அடி லேசாகத்தான் கேட்டது. கீழே மோட்டாருக்குப் பக்கத்தில் என்.ஆர்.வி.யில் வைத்தபோது காதில் அறைந்தது.

உறுதி செய்ய இன்னொரு சோதனை. மோட்டார் ஓடும்போதே டெலிவரி கேட் வால்வை மெதுவாக மூடி, பிறகு சுவிட்சை அணைத்தோம். சத்தமே இல்லை! (சென்ட்ரிபியூகல் பம்பில் சில வினாடிகளுக்கு மட்டும் இப்படிச் செய்யலாம், அதற்கு மேல் கூடாது.)

ஏன் அவ்வளவு பலம்?

ரஷ்ய அறிஞர் ஜுகோவ்ஸ்கி மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்து 1898ல் வெளியிட்ட கணக்கு இதற்கு விடை சொல்கிறது. தண்ணீரின் அடர்த்தி, குழாயில் அழுத்த அலையின் வேகம், சட்டென்று நின்றுபோன நீரோட்டத்தின் வேகம் மூன்றையும் பெருக்கினால் கூடும் அழுத்தம் கிடைக்கும். இரும்புக் குழாயில் அலை வினாடிக்கு ஏறத்தாழ 1300 மீட்டர் ஓடும். வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 13 கிலோ அழுத்தம் கூடும். 10 மீட்டர் உயர டேங்க் தருவதோ 1 கிலோதான்!

'சட்டென்று' என்றால் எவ்வளவு? அலை குழாயின் மறுமுனைக்குப் போய்த் திரும்பும் நேரத்துக்குள். 13 மீட்டர் குழாயில் அது வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. நம் கை அவ்வளவு வேகமாகக் குழாயை மூடாது. ஆனால் என்.ஆர்.வி.யின் மடல் மூடும். மோட்டார் நின்றதும் மேலேறிய தண்ணீர் திரும்பி விழுகிறது. திரும்புவதற்குள் மடல் மூடிவிட்டால் சத்தமில்லை. எங்கள் வால்வில் கீல் தேய்ந்து மடல் சிக்கி நின்றது. தண்ணீர் வேகமெடுத்த பிறகு தாமதமாக அறைந்து மூடியது. அந்த அடி குழாய் வழியே ஏறி, பாத்ரூமுக்கு மேலே கிளாம்ப் கழன்ற இடத்தில் சுவரை உலுக்கியது. அடித்தது ஓரிடம், அலறியது வேறிடம்!

பழைய வால்வைக் கழற்றி ஸ்பிரிங் வைத்த வால்வு போட்டோம். ஸ்பிரிங், ஓட்டம் திரும்புவதற்கு முன்பே மடலை மூடிவிடும். கழன்ற கிளாம்புக்கு ரப்பர் வைத்து முடுக்கினோம். இப்போதும் லேசாக ஒரு 'டொக்' கேட்கிறது. ஆனால் ஒரு டைல்கூட உடையவில்லை, அட்வான்ஸும் தப்பியது.

சுவரை எப்போது உடைப்பது?

எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் 'உஸ்ஸ்' என்று ஓயாமல் கேட்டால், இரவில் டேங்கின் நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். டேங்கின் கேட் வால்வை மூடினால் சத்தம் நின்று, திறந்துவிட்ட இரவில் மட்டம் இறங்கினால் அது கசிவு. அப்போது தயங்காமல் உடைக்க வேண்டும். தள்ளிப்போட்டால் கம்பி துருப்பிடிக்கும். அப்போதும் எந்தக் கிளை லைன் என்று வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்த பிறகே உளி எடுங்கள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். உளியைத் தூக்குவது சுலபம். அரை மணி நேரம் காது கொடுத்துக் கேட்பதுதான் கஷ்டம். நாளை சைட்டில் நிற்கப்போகிற நம்மிடம்தான் கொத்தனார் "உடைக்கலாமா சார்?" என்று கேட்பார். "இருங்க, முதல்ல கேட்டுப் பார்ப்போம்" என்று சொல்லப் பழகுவோமே!