காமதேனுவுக்கும் தீனி வேண்டும்

தவறாது பணம் ஈட்டித் தரும் ஒன்றைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. காமதேனு என்போம், கற்பகத்தரு என்போம், பொன் முட்டையிடும் வாத்து என்போம். ஆங்கிலத்திலும் இத்தகைய சொற்கள் பல உள. ஆயின், அவற்றை ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடலாகாது. தலைநகரில் பயிலும் நாம் நாளேட்டிலும் நேர்முகத் தேர்விலும் இவற்றை நாள்தோறும் எதிர்கொள்கிறோம். விளம்பரத்தில் எதிர்கொள்ளும்போதோ, சொல்லின் அளவு அறியாமை நம் கைப்பொருளையே கொண்டு போய்விடும். இயற்பியல் மாணவனாகிய நான் மொழிப்பாடம் எழுதத் துணிந்தது அதனாலேதான்.

முதலில் பெயரடைகள் மூன்று. செலவு போக ஒரு ரூபாய் மிஞ்சினாலும் அத்தொழில் 'பிராஃபிட்டபிள்'. மிகுதியாக மிஞ்சினால்தான் 'லூக்ரட்டிவ்'. ஆதாயத்தைக் குறிக்கும் 'லூக்ரம்' என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது இது. உழைப்புக்கும் செலவுக்கும் தக்க பயன் தருவது 'ரெமூனரேட்டிவ்'. உழவர்கள் கேட்கும் கட்டுபடியாகும் விலையை ஆங்கில ஏடுகள் இச்சொல்லால்தான் எழுதுகின்றன. 'நம்பர்' என்ற சொல்லோடு தொடர்புடையதென்று மயங்கி 'ரெனுமரேட்டிவ்' என்பார் பலர். அது பிழை. கொடையைக் குறிக்கும் 'மூனுஸ்' என்பதே இதன் வேர்.

இனிப் பெயர்ச்சொற்கள். மேலே ஊர்ந்தால் பணம் வரும் என்று ஆங்கில நாட்டார் நம்பிய சிறு சிலந்திக்கு 'மனி ஸ்பின்னர்' என்று பெயர். வசூலைக் குவிக்கும் திரைப்படத்துக்கும் நூலுக்கும் இன்று அப்பெயர் வழங்குகிறது. 'புளூ சிப்' சீட்டாட்ட மேசையிலிருந்து வந்தது. போக்கர் ஆட்டத்தில் நீல வில்லைக்கே மதிப்பு அதிகம். நெடுநாள் நிலைபெற்ற பெரிய நிறுவனத்தின் பங்கை அவ்வாறு அழைப்பர். 'கில்ட் எட்ஜ்டு' என்பது பொன் விளிம்பிட்ட தாள். அரசின் கடன் பத்திரங்களைக் குறிக்கும். வட்டி தவறாது வரும். எனினும், நாட்டில் வட்டி விகிதம் உயர்ந்தால் பழைய பத்திரத்தின் சந்தை விலை இறங்கும்.

'விண்ட்ஃபால்' இந்த வரிசையில் சேராது. காற்றில் தானே உதிர்ந்த கனி அது. நாளையும் விழும் என்பதற்கு உறுதியில்லை. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியபோது 2022 ஜூலையில் நம் அரசு விதித்து, 2024 டிசம்பரில் நீக்கிய வரியை 'விண்ட்ஃபால்' வரி என்றது இதனாலேதான்.

நிற்க. 'மில்ச் கௌ', 'காஷ் கௌ' என்ற இரண்டு பசுக்களையும் பிரித்தறிவது இன்றியமையாதது. 'மில்ச் கௌ' பழஞ்சொல். கறவைப் பசு என்று பொருள். அளவுக்கு மீறிக் கறக்கிறார்கள் என்ற குறிப்பு அதில் பெரும்பாலும் ஒட்டியிருக்கும். 'காஷ் கௌ' வணிகவியல் சொல். பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தோற்றுவித்த புரூஸ் ஹெண்டர்சன் 1970-இல் எழுதிய கட்டுரையால் பரவியது. வளர்ச்சி குன்றிய சந்தையில் பெரும் பங்கைப் பிடித்துவிட்ட பண்டமே அது. தன் பராமரிப்புக்கு வேண்டியதைவிட மிகுதியாகப் பணம் ஈட்டும். அந்த மிகுதியைக் கொண்டு நிறுவனம் புதிய பண்டங்களை வளர்க்கும்.

கண்முன் உள்ள எடுத்துக்காட்டு நம் இரயில்வே. அதன் வருவாயில் பெரும்பகுதி சரக்குப் போக்குவரத்திலிருந்து, அதிலும் தலையாயதாக நிலக்கரியிலிருந்து, வருகிறது. விடுமுறைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரசில் ஊர் திரும்பும் நம் பயணக் கட்டணம் உண்மைச் செலவைவிடக் குறைவு. அக்குறையைச் சரக்கு வண்டி சுமக்கிறது. சரக்குக் கட்டணத்தை மேலும் மேலும் உயர்த்தினால் சரக்கு லாரிக்குப் போய்விடும். பசுவின் மடி வற்றும். 'காஷ் கௌ' மெல்ல மெல்ல 'மில்ச் கௌ' ஆகும் விதம் இதுதான்.

என் விடுதி நண்பர் ஒருவர் 'காஷ் கௌ', 'அஷ்யூர்டு ரிட்டர்ன்' என்று முழங்கிய விளம்பரத்தை நம்பி மூன்று மாத உதவித்தொகையைக் கட்டினார். முதலும் திரும்பவில்லை. உறுதியான ஆதாயம் தருவதாக முதலீட்டு ஆலோசகர்கள் விளம்பரம் செய்வதைச் செபியின் விதிகள் தடுக்கின்றன. ஆகவே, அந்தச் சொல்லே எச்சரிக்கை மணி. ஆற்றலை உட்கொள்ளாமல் ஓயாது வேலை செய்யும் பொறி இல்லை என்பது எம் துறையின் முதற்பாடம். பணத்துக்கும் அஃது ஒக்கும். எந்தப் பசுவைக் காட்டினாலும், அதற்குத் தீனி போடுபவர் யார் என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால், தீனி நாமே என்று அறிக.

பயிற்சி: பின்வருவனவற்றுக்கு உரிய ஆங்கிலச் சொல்லை எழுதுக.
1. எதிர்பாராது கிடைத்த பரிசுச்சீட்டுப் பணம்.
2. நடுவண் அரசின் பத்தாண்டுக் கடன் பத்திரம்.
3. ஆண்டுதோறும் குறையாமல் விற்று, பதிப்பகத்தின் புதிய நூல்களுக்குச் செலவு ஈடுகட்டும் பழைய பாடநூல்.

விடை: விண்ட்ஃபால், கில்ட் எட்ஜ்டு, காஷ் கௌ.