விலா வலி, இடுப்பு வலி: எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?



கரும்பு வெட்டியபின், மரவள்ளி மூட்டை தூக்கியபின் வரும் முதுகு வலி பெரும்பாலும் தசைப்பிடிப்புதான். பாரம் தூக்காமல், படுத்தே கிடக்காமல் நடமாடினால் சில நாளில் குறையும். காரணம் தெரியாத வலியை மட்டும், "வாயுப் பிடிப்பு, தானாப் போயிடும்" என்று விடாதீர்கள்.

இவற்றில் ஒன்றிருந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள்:

1. விலா வலியோடு குளிர் காய்ச்சல், வாந்தி. சிறுநீரகத்தில் கிருமி தாக்கியிருக்கலாம்.

2. சிறுநீரில் இரத்தம், அல்லது சிறுநீர் அடைப்பு. கல் இருக்கலாம்.

3. கால் மரத்துப்போதல், பலம் குறைதல்.

4. நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒரு பக்க வலி, மயக்கம். கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து. கருத்தடை ஆபரேஷன் செய்தவருக்கும் அபூர்வமாக இது நேரும். "ஆபரேஷன்தான் ஆயிடுச்சே" என்று இருந்துவிடாதீர்கள்.

மூன்று வாரமாகியும் தீராத வலியையும், உடம்பு இளைத்து வரும் வலியையும் காட்டிவிடுங்கள். முதுகெலும்பில் காசநோய்கூட இருக்கலாம்.

கணவன்மாரே! மனைவி தானாகச் சொல்லமாட்டார், நீங்கள் கேளுங்கள். கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்க நேரமாகும். விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.