நாடி சொன்ன பாடம்

காலை வணக்கக் கூட்டத்தில் உறுதிமொழி சொல்லிக்கொண்டிருந்தபோது, எங்கள் மயிலாப்பூர் பள்ளியின் கணித ஆசிரியர் நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தார். "சாப்பிடாமல் வந்திருப்பார்" என்றனர் சிலர். சோடா வாங்க ஒருவர் ஓடினார். அரை நிமிடத்தில் அவரே கண் விழித்து, "ஒன்றுமில்லை டீச்சர், முதல் பாடவேளை எனக்குப் பத்தாம் வகுப்பு" என்று எழ முயன்றார்.

அவர் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினேன். 38. மீண்டும் எண்ணினேன். அதே 38. "இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. வீட்டில் சொல்லவில்லை" என்றார் மெதுவாக. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இ.சி.ஜி.யில் காரணம் தெரிந்தது: இதய மின்தடை.

பத்தாம் வகுப்பு அறிவியலில் நாம் நடத்துவதுதான். வலது ஆரிக்கிளில் உள்ள சைனோ ஏட்ரியல் கணுவில் தோன்றும் மின்தூண்டல், ஏட்ரியோ வெண்ட்ரிகுலார் கணு வழியாக வெண்ட்ரிக்கிள்களை அடைகிறது. அந்த வழி அடைபட்டால் வெண்ட்ரிக்கிள்கள் தாமாகவே மெதுவாகத் துடிக்கும். இடையில் சில நொடிகள் நின்றாலும் மூளைக்கு இரத்தம் குறைந்து மயக்கம் வரும்.

இதற்குத் தீர்வு பேஸ்மேக்கர் கருவி. உடலுக்குள் முழுமையாகப் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கரை 1958 அக்டோபர் 8 அன்று சுவீடனில் பெற்றவர் ஆர்னே லார்சன். முதல் கருவி சில மணி நேரமே இயங்கியது. பலமுறை கருவி மாற்றப்பட்டு, 2001-இல் தம் 86-ஆம் வயதில் வேறொரு நோயால் இறந்தார்.

மறுவாரம் இதையே செயல்பாடாக்கினேன். மாணவர்கள் இருவர் இருவராக நாடித்துடிப்பை எண்ணினர். பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. ஒரு துடிப்புக்கு 70 மி.லி. என்று கொண்டால், 72 துடிப்புக்கு ஏறத்தாழ 5 லிட்டர். 38 துடிப்புக்கு 2.7 லிட்டர்கூட இல்லை. பட்டினப்பாக்கம் கடற்கரையில் நாள்தோறும் கால்பந்து ஆடும் மாணவனுக்கு 56. "எனக்கும் நோயா மிஸ்?" என்று பயந்தான். பயிற்சியால் வலுப்பட்ட இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தம் அனுப்பும். அதனால் குறைவாகத் துடித்தாலே போதும் என்று விளக்கினேன். எண் மட்டும் நோயன்று. அதனுடன் மயக்கம், மூச்சுத்திணறல், மிகுந்த சோர்வு இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைபாடும், சில இரத்த அழுத்த மாத்திரைகளும்கூடத் துடிப்பைக் குறைக்கும்.

கூட்டத்தில் மாணவர் மயங்கினால் நாம் செய்ய வேண்டியவை:

1. மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். கூட்டத்தை விலக்குங்கள்.
2. முழு நினைவு வரும்வரை தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள்.
3. நாடித்துடிப்பை எண்ணி, நேரத்துடன் குறித்து மருத்துவரிடம் கொடுங்கள்.
4. நினைவு திரும்பாவிட்டாலோ மூச்சு சீராக இல்லாவிட்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சு நின்றிருந்தால் மார்பு அழுத்த முதலுதவியைத் தொடங்குங்கள்.

வெயிலில் நெடுநேரம் நிற்பதாலும் பசியாலும் வரும் மயக்கமே மாணவரிடம் மிகுதி. ஆனால் ஓடும்போது மயங்கினாலோ, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருந்தாலோ பெற்றோரை அழைத்துக் கட்டாயம் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கணித ஆசிரியர் பேஸ்மேக்கருடன் பணிக்குத் திரும்பிவிட்டார். "நான்காவது மயக்கம் பைக்கில் போகும்போது வந்திருந்தால்?" என்று அவரே கேட்டார். அந்தக் கேள்விக்கு வேலை இல்லாமல் செய்தது ஒரு நிமிட எண்ணிக்கைதான். நம் மாணவர் ஒவ்வொருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.