வெள்ளக் காலத்தில் கைப்பேசிச் செய்திகள்

படப்பைப் பக்கத்துக் குடியானவர்கள் ஏரியின் கலங்கல் வழிவதைப் பார்த்தே வெள்ளத்தை மதிப்பிட்டு வந்தவர்கள். இப்போதோ இரண்டு நாள் விடாமழை பெய்தால், கலங்கலுக்குப் போகுமுன் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். அதில் வரும் எந்தச் செய்தியை நம்பி மாடு கன்றுகளை அவிழ்த்து மேட்டிற்கு ஓட்டுவது, எதைத் தள்ளுவது என்பதும் உரமிடும் பக்குவத்தைப் போலக் கற்க வேண்டிய விஷயமாகிவிட்டது. சர்வகலாசாலைகள் பலவற்றில் இது தனி ஆராய்ச்சியாகவே நடந்து வருகிறது.

பழங்கதை வேண்டுவதில்லை. 2015-ம் வருஷத்து டிசம்பர் மாதமே போதும். டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. எங்கும் அடிபட்ட பெயர் செம்பரம்பாக்கம். ஆனால் அவ்வேரியின் மிகுநீர் அடையாற்றில் சேருமிடம் திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேல்போக்கில் உள்ளவை. ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் பக்கத்து நீரே அங்கே புகுந்தது. ஆகவே, செம்பரம்பாக்கம் திறந்தாயிற்று என்னும் செய்தி கீழ்ப்போக்கில் வசிப்பவருக்கு உயிர் காக்கும் எச்சரிக்கை. மணிமங்கலத்தாருக்கோ தம் ஏரியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

டோக்கியோ சர்வகலாசாலையார் 2010-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ட்விட்டரில் ஜனங்கள் எழுதிய குறிப்புகளைக் கொண்டே, ஜப்பானிய அளவில் 3-ம் அதற்கு மேலுமான பூகம்பங்களில் 100-க்கு 96-ஐ அவர்கள் கண்டறிந்தனர். அவ்வாறு எழுதியவர்கள் தாம் உணர்ந்ததைத் தாமே எழுதினர் என்பதைக் கவனிக்க வேண்டும். இதற்கு நேர்மாறானது 2012-ல் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயலின்போது பரவிய பொய்ப்படங்களின் கதை. டில்லி ஆராய்ச்சியாளர் பொன்னுரங்கம் குமரகுரு முதலியோர் அப்படங்களைப் பரப்பிய 10,000-க்கு மேற்பட்ட குறிப்புகளை ஆராய்ந்தனர். அவற்றில் 100-க்கு 86 பிறர் எழுதியதை மறுபடி அனுப்பியவையே. அம்மறுபதிப்புகளில் 100-க்கு 90, முப்பதே பேரிடமிருந்து கிளைத்தவை.

சென்னை வெள்ளத்திலும், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற வதந்தி பரவிற்று. நிர்வாகத்தார் அதை மறுத்தனர். பரப்பியவர்களில் முதலையைக் கண்டவர் ஒருவருமில்லை! இதைவிடத் தொல்லை தந்தவை பழைய உண்மைகள். மீட்கப்பட்டவர்களுக்காகவே மறுபடியும் உதவி கோரும் செய்திகள் சுற்றின. மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் பல இடங்களில் செயலற்றுப் போனமையால், விசாரிப்பதும் கடினமாயிற்று.

"ஏரி உடைந்தது, எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்பது பயனற்ற செய்தி. எந்த ஏரி, கரையா மடையா கலங்கலா, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, நேரில் கண்டவர் யார் என்பவை அதில் இருத்தல் வேண்டும். உதவி கோருவோர் ஆட்களின் தொகை, கால்நடைகளின் தொகை, தெருவின் அடையாளம் ஆகியவற்றையும் சேர்த்தல் நலம். எழுதுவதோடு நில்லாமல், மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணிலும், மாநில அறைக்கு 1070 என்ற எண்ணிலும் பேசித் தெரிவிக்கலாம். படகோ வண்டியோ வந்து சேர்ந்ததும், முதலில் செய்தி அனுப்பிய அதே குழுவில் "உதவி கிடைத்தது" என்று நேரத்தோடு எழுதிவிட்டால், அடுத்த படகு வேறு வீட்டிற்குப் போகும்.